மான்மந்திர் படியில் ஒரு சிவப்பு முண்டாசு

காசியில் தை மாதம் ஆறு அமைதியாக இருக்கும். படகை ஓரிடத்தில் நிறுத்திவைக்க அதுதான் நல்ல காலம். அதனால்தான் அந்தத் துரை பத்து நாளைக்கு என் படகை அமர்த்திக்கொண்டார். மான்மந்திர் மாளிகையை, மாடியில் கிரகம் பார்க்கிற கல்மேடைகளோடு, நீர்வண்ணத்தில் தீட்ட வந்தவர். நடு ஆற்றில் நங்கூரம் போட்டுவிட்டு அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். எனக்குக் கண் மங்கத் தொடங்கி இரண்டு வருடமாகிறது. அவ்வளவு தூரத்தில் கரையில் நிற்பவர்கள் வெறும் நிறங்கள்தான்.

தரோகா ஐயா, போலீஸ் அதிகாரியான நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். மறைக்கும் எண்ணமில்லை.

நான்காம் நாள் படத்தை எட்டிப் பார்த்தேன். கல் பலகணி, மஞ்சள் சுவர், படித்துறை எல்லாம் அப்படியே இருந்தன. படியில் குடத்தோடு ஒரு மஞ்சள் புடவைக்காரி. என் மனைவி பூல்மதி தினமும் அந்த நேரத்தில் அங்கேதான் தண்ணீர் எடுப்பாள். அவளை ஒட்டி, காதருகே குனிந்தபடி ஒரு சிவப்பு முண்டாசுக்காரன். அந்தத் துறையில் சிவப்பு முண்டாசு கட்டுகிறவன் என் தம்பி தூகன் ஒருவன்தான்.

"துரை, இந்த ஆள் தினம் வர்றானா?" என்றேன்.

"எல்லாம் அங்க இருக்கிறதுதான். நீ அசையாத, படகு ஆடுது."

வீட்டில் கேட்டால் சந்தேகப்பட்டதாகிவிடும். ஆகவே கேட்கவில்லை. மூன்று நாள் ரொட்டி உள்ளே இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் நடக்கத் தோன்றும். துரை கரையேறிய பிறகு ஒரே மாலையில் நாலு முறை வீட்டுக்குப் போய்வந்தேன்.

"என்னங்க, வாலில தீ வச்ச அனுமார் மாதிரி அலையுறீங்க?" என்றாள் பூல்மதி.

தூகன் அடுப்பருகே தின்றுகொண்டிருந்தான். அம்மா இறந்தபோது அவனுக்கு நாலு வயது. இடுப்பில் தூக்கி ஊட்டி வளர்த்தவள் பூல்மதிதான். "அண்ணனைத் துரை படத்துல போடலையாம் அண்ணி. அந்த ஏக்கம்," என்றான். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் கவனித்துக்கொண்டேன்.

ஏழாம் நாள் காலை, துரை வருமுன், தூகனைப் படகில் அழைத்துப் போனேன். நங்கூரக் கயிறு கல்லிடுக்கில் சிக்கிவிட்டது என்றேன். அது பொய்.

"இந்தக் குளிர்ல மனுஷன் முங்குவானா அண்ணே? மேல வந்ததும் சூடா ஜிலேபி வாங்கித் தரணும், ஆமா."

முண்டாசை அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டுக் குதித்தான். அவன் மேலே வரும்போது மூங்கில் கழியைத் தோளில் வைத்து அழுத்தினேன். நன்றாக நீந்துகிறவன், அதனால் நேரமானது. ஒருமுறை கழியைப் பிடித்துக்கொண்டான். தூக்கிவிடத்தான் நீட்டுகிறேன் என்று நினைத்தான் போலிருக்கிறது.

துரையை நீங்கள் விசாரித்ததும் தெரியும். சுவரும் படியும் ஒரே மஞ்சளாக இருந்ததால் நடுவில் ஒரு சிவப்பு வேண்டியிருந்தது, அப்படி ஓர் ஆள் அங்கே நிற்கவேயில்லை என்றாராம். இருக்கலாம். படம் எழுதுகிறவர்களின் வழக்கம் எனக்குத் தெரியாது.

ஆனால் உடல் கரை சேர்ந்தபோது பூல்மதியை நீங்களும் பார்த்தீர்கள். படியில் தலையை மோதி மோதி அழுதாள். நாலு பேர் பிடித்தும் அடங்கவில்லை. வெறும் கொழுந்தனுக்காக ஒருத்தி அப்படி அழுவாளா? நீங்களே சொல்லுங்கள், ஐயா.