தெருவெல்லாம் தாடி

மகள்: ஆடாம உக்காருங்கப்பா.

அப்பா: சலூன் நாற்காலியில உக்கார்றவங்ககிட்ட நாள் பூரா நான் சொல்றது... இன்னைக்கு எனக்கே திரும்புது.

மகள்: நாளைக்கு செய்முறைப் பரீட்சை. பழகிக்க ஒரு நோயாளி வேணும்.

அப்பா: காலேஜ் பூரா தேடி, நான்தான் இளிச்சவாயனா கிடைச்சேனா?

மகள்: ரெண்டு கையையும் நீட்டுங்க. விரல விரிச்சு... இந்தத் தாளை மேல வைக்கிறேன்.

அப்பா: காத்துல ஆடுது.

மகள்: ஃபேனை அணைச்சாச்சு.

அப்பா: அப்ப... மட்டமான தாள்.

மகள்: உள்ளங்கை ஏன் இப்படி வேர்த்திருக்கு?

அப்பா: டாக்டரம்மா முறைச்சா வேர்க்காதா?

மகள்: நாடியும் ஓடு ஓடுன்னு ஓடுது. சரி, என் விரலையே பாருங்க. மெதுவா கீழ கொண்டு போறேன்... கண்ணு இறங்குது, மேல் இமை அங்கேயே நிக்குது.

அப்பா: அதுக்கும் வயசாச்சு, மெதுவாத்தான் வரும்.

மகள்: ஒரு வாய் தண்ணி முழுங்குங்க... கழுத்துல ஒரு வீக்கம் ஏறி இறங்குதுப்பா.

அப்பா: குரல்வளை. ஆம்பளைக்கு இருக்கும்.

மகள்: இது அதுக்குக் கீழ. ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுறீங்க, பேண்ட் இடுப்புல நிக்கல.

அப்பா: உங்கம்மா கைப்பக்குவம் அப்படி...

மகள்: அதுக்குப் பேண்ட் இறுகணும்பா, கழண்டு விழக் கூடாது.

அப்பா: பெல்ட் போட்டுக்கிறேன், விடு.

மகள்: இன்னொன்னு. நம்ம தெருவுல ஏன் எல்லாரும் திடீர்னு தாடி வெச்சிருக்காங்க?

அப்பா: ஃபேஷன்.

மகள்: தபால்காரருக்குமா? "என் முகத்துக்குத் தாடிதான் எடுப்புன்னு உங்கப்பா சொன்னாரு"ன்னார். பேங்க் வாட்ச்மேனும் அதையேதான் சொல்றாரு.

அப்பா: அவருக்கு நெசமாவே எடுப்பாத்தான் இருக்கு.

மகள்: சவரக்கத்தியத் தொட்டு எத்தனை நாளாச்சு?

அப்பா: ...ஒரு மாசம். கை நடுங்குறவன்கிட்ட எவன் கழுத்தைக் குடுப்பான்?

மகள்: தைராய்டு மாதிரி இருக்குப்பா. ரத்தம் பாத்து உறுதியாச்சுன்னா மாத்திரை குடுப்பாங்க. நடுக்கம் அடங்கிடும்.

அப்பா: கத்தி பிடிக்கலாமா? என்னைத் தேத்துறதுக்குச் சொல்லலியே?

மகள்: சத்தியமா பிடிக்கலாம். நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரி போறோம்.

அப்பா: நாளைக்கு உனக்குப் பரீட்சைன்னியே?

மகள்: அது... போன வாரமே முடிஞ்சுதுப்பா. வேற எப்படிக் கூப்பிட்டாலும் வரமாட்டீங்கன்னுதான்...

அப்பா: தெரியும்டி. முடிஞ்சுதுன்னு நீ போன்ல கத்தினது கடை வரைக்கும் கேட்டுச்சு. கை ஆடுதுன்னு என் வாயால சொல்ல பயமா இருந்துச்சு... நீயா கண்டுபிடிக்கட்டும்னுதான் வந்து உக்காந்தேன்.