கைராசிக்காரி

காலையில் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் எல்லோரும் கொஞ்சம் சிடுசிடுவென்றுதான் இருப்பார்கள். நான் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதே இல்லை. பசி என்றால் என்னவென்று எனக்குத் தெரியும், சார்.

புதுப்பட்டினம் கடைத்தெரு லேப்பில் நாலு வருஷமாக வேலை. பார்வைக்கு இருபது வயது. அந்த இருபது எப்போது முடிந்தது என்று எனக்கே நினைவில்லை. சோறு எனக்கு ஒத்துக்கொள்ளாது. டெஸ்ட் முடிந்து மிஞ்சும் ரத்தத்தைக் குடிப்பேன். கீழே கொட்டப்போவதுதானே, யாருக்கும் நஷ்டமில்லை. வெயில் பற்றிக் கேட்டீர்கள். தலைவலி வரும், அவ்வளவுதான். குடை வைத்திருக்கிறேன்.

ஹேமந்த் போன ஆடியில் வந்தான். செங்கல்பட்டில் கல்லூரிக் கடைசி வருஷம். காய்ச்சல் என்று அவன் அம்மா பூங்கொடி இழுத்து வந்திருந்தார். கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் வீட்டு வேலை செய்கிறவர். அவர்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் இவன்.

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "சிஸ்டர், குத்திட்டீங்களா?" என்றான்.

"எடுத்தே முடிச்சாச்சு. சிஸ்டர்னு கூப்பிடாதே."

"அப்ப இன்னான்னு கூப்டறது?"

"சங்கரி."

பூங்கொடி சிரித்துவிட்டார். "பூ எடுக்கற மாதிரி எடுத்துட்டியேமா. நல்ல கைராசி உனக்கு. இனிமே எம்புள்ளைக்கு நீதான்."

அன்று மிஞ்சியதைக் குடித்தபோது எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவை. மறுநாள் போன் செய்து, ரிப்போர்ட் சரியாக வரவில்லை, இன்னொரு தடவை எடுக்கணும் என்றேன். வந்தான். அடுத்த வாரமும் வந்தான். ரிப்போர்ட்டுக்காக வரவில்லை என்பது இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமல்லபுரம் கடற்கரையில் என் குடைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு சுண்டல் தின்பான்.

"நீ ஒண்ணுமே துன்ன மாட்டியா?"

"உன்னைப் பார்த்தாலே வயிறு நிறையுது."

வெட்கப்பட்டான், பாவம்.

மாசியில் அவனால் மாடிப்படி ஏற முடியவில்லை. ரத்தம் குறைந்துகொண்டே போகிறது, காரணம் தெரியவில்லை, இங்கேயே சேர்த்துவிடுங்கள் என்றார் செங்கல்பட்டு டாக்டர். பூங்கொடி ஒப்பவில்லை. "அங்க நாலு எடத்துல குத்தி ரணமாக்கிட்டாங்க. உன் கை பட்டாதான்மா இவனுக்குச் சரியாவும்" என்று வாரத்துக்கு மூன்று நாள் என்னிடமே கூட்டி வந்தார். அப்போது நான் போன்கூடச் செய்யவில்லை.

ஒருநாள் அவர் மருந்து வாங்கப் போயிருந்தார். மேசைமேல் ரத்தம் நிரப்பி வைத்திருந்த குழாய்களை ஹேமந்த் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

"சீட்டுல ரெண்டுதான் எழுதிகீது. நீ ஆறு எடுத்துகினு கீற. இன்னாத்துக்கு சங்கரி?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். குழாய்களிலிருந்து விரலை எடுத்தான்.

"அப்ப என்னியும் உன்ன மாதிரி ஆக்கிடு. எங்கம்மாவ வுட்டுட்டு எப்டி சாவறது?"

ஒரு கடி போதும். பத்து நொடி வேலை. சட்டைக் காலரை விலக்கிக் கழுத்தைச் சாய்த்துக் காட்டினான். நான் முடியாது என்றேன். நேசிக்கிறவனை இந்தப் பிழைப்புக்கு எப்படி இழுத்து வருவது? அவன் மனிதனாகவே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

காலரைச் சரிசெய்துகொண்டான். பிறகு கையை நீட்டினான். "சரி, எடுத்துக்கோ."

எடுத்துக்கொண்டேன். ஒன்பதாம் நாள் போய்விட்டான். பூங்கொடி என் தோளில் சாய்ந்துதான் அழுதார்.

கொன்றது நான்தான், சார். ஆனால் அவனைக் கடிக்காமல் விட்டது காதலால்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடித்திருந்தால் அவனும் என்னைப் போல ஆகியிருப்பான். எங்கள் உடம்பில் ரத்தம் ஊறாது.