டீசல் குடித்த கிரைண்டர்

"டீசலைக் குடிச்சது ட்ரக் இல்லை, உவவின்ரை கிரைண்டர்!"

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு சாப்பாட்டுக் கடை வரிசையில் இடியப்பத்துக்காக நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால், மனைவியைக் காட்டி இப்படிச் சொன்ன ஒரு கணவர், சிரித்தபடி அவர் மனைவி, அவர்களுக்குத் தெரிந்த ஒருவர். தங்கள் ஃபோர் வீல் டிரைவ் டீசல் ட்ரக்கில் கரவன் என்ற வண்டிவீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு கணவனும் மனைவியும் காம்பிங் போய் வந்திருக்கிறார்கள்.

"கிரைண்டரோ அண்ணை?" என்றார் தெரிந்தவர்.

"ஓம். காட்டுக்குள்ளையும் உவவுக்குத் தோசை வேணும். அந்தக் கிரைண்டர் கல்லையும் இழுத்துக்கொண்டு போகேக்கை பாதி வழியிலை டாங்க் காலி."

"போகேக்கை நீங்கள் ரோட்டிலை எல்லாரையும் முந்தினதையும் சொல்லுங்கோவன்," என்றார் மனைவி.

"அது வேறை கதை. திரும்பி வரேக்கை கிரைண்டரை எங்களோடை வந்த சகலன்ரை வானுக்கை ஏத்தி விட்டன். ஒரு டாங்கிலையே வீடு வந்திட்டம். பாரம் குறைஞ்சால் டீசல் மிச்சம். சயன்ஸ்!"

"வரேக்கை ஆர் ட்ரக் ஓடினது?" என்றார் தெரிந்தவர்.

"நான்தான்," என்றார் மனைவி. "ஒரு லொறிக்குப் பின்னாலை மெதுவாய், ஆறுதலாய் வந்தனான். இவர் பக்கத்திலை நித்திரை."

"ஆறுதலாய் ஓடினதாலை இல்லையப்பா, கிரைண்டர் இல்லாததாலை."

"கிரைண்டர் கரவனுக்கைதான் வந்தது. வானுக்கை இடமில்லையெண்டு என்ரை தங்கச்சி இறக்கினவள். நீங்கள் வெளிக்கிட முதலே சீற்றிலை குறட்டை. நாங்கள் ரெண்டு பேருமாய்த் தூக்கி வைச்சனாங்கள்."

வரிசை நகர்ந்தது. கணவர் நகரவில்லை.

"அப்ப அடுத்த முறை?" என்றார் மெல்ல.

"கிரைண்டரும் வரும், நீங்களும் வாங்கோ. ட்ரக் திறப்பை மட்டும் இப்பவே தாங்கோ," என்று சாவிக்குக் கை நீட்டினார் மனைவி.