வேம்புலியின் பங்கு

என் வீட்டு வாசலில் ஒரு புங்கமரம் இருக்கிறது, ஐயா. முத்தாபுதுப்பேட்டையில் அவ்வளவு அடர்ந்த நிழல் வேறு எங்கும் இல்லை என்பார்கள். அதனால்தான் குழந்தைகள் என்னிடம் வந்தார்கள்.

சண்டை வந்து, ஆவடியில் பட்டாளத்துக்குக் கொட்டகை கட்டும் வேலை தொடங்கியபோது எங்கள் தெருப் பெண்கள் மண் சுமக்கப் போனார்கள். கைக்குழந்தையோடு யாரும் வரக் கூடாது என்று தங்கவேல் மேஸ்திரி சொல்லிவிட்டார். எனக்கு இடுப்பு சரியில்லை, கூடை தூக்க முடியாது. குழந்தைகளை என் மரத்தடியில் விட்டுப் போங்கள் என்றேன். ஆறு பேர் விட்டார்கள். ஆளுக்கு ஒரு பிடி அரிசி கொடுத்தார்கள்.

வேலை நடக்கும் இடம் கூப்பிடு தூரம்தான். அழுகை கேட்டால் தாய்க்குக் கை ஓடாது. கூடையை இறக்கிவிட்டு ஓடிவருவாள். அப்படி ஓடிவந்த இரண்டு பேரை மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்றார் மேஸ்திரி. அவர்கள் இடத்துக்கு வந்த இரண்டு பேரும் பிள்ளைகளை என்னிடம்தான் விட்டார்கள். இந்த அரிசி விலையில் அந்தக் கூலியும் போனால் அடுப்பு எரியாது. ஆகவே குழந்தைகள் அழக் கூடாது. இதை யாரும் என்னிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உரைமருந்து எல்லா வீட்டிலும் கொடுப்பதுதான். கல்லில் சில சொட்டுத் தாய்ப்பால் விட்டு, வசம்பும் ஜாதிக்காயும் உரைத்து, விரலால் நாக்கில் தடவுவோம். வயதுக்கு ஏற்றபடி இத்தனை சுற்று என்று கணக்கு. நான் அதோடு அபினியையும் ஒரு சுற்று உரைத்தேன். நான் புதிதாகச் செய்தது அவ்வளவுதான்.

கள்ளை நான் தொட்டதில்லை. அது மனிதனை என்ன செய்யும் என்று என் புருஷனிடம் பார்த்திருக்கிறேன். அபினி அப்படி இல்லை. அது ஒரு செடியின் பால். பூந்தமல்லியில் லைசென்ஸ் கடையில், பட்டப்பகலில், தராசில் நிறுத்துக் கொடுக்கிறார்கள். குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று முதல் தடவையே கேட்டேன். கேட்காமல் வாங்கினாள் என்று எழுதிவிடாதீர்கள்.

"இன்னாமே நீ, விஷமா இருந்தா சர்க்காரே விக்கச் சொல்லுமா?" என்று கடைக்காரர் சிரித்தார். "எங்கம்மா எனக்கு இத்தக் குடுத்துத்தான் வளத்தா. நான் நல்லாத்தான கீறேன்?"

எனக்கு அது நியாயமாகப் பட்டது.

நான்கு மாதம் யாரும் அழவில்லை. குழந்தைகள் கொஞ்சம் மெலிந்தன. வெயில் காலம், அதனால் என்று நினைத்தோம். தாய்மார்கள் என்னைக் கைராசிக்காரி என்றார்கள். அங்கம்மா கொஞ்சம் வாய்த்துடுக்கு. "இன்னா மந்திரம் வெச்சிகினு கீறேக்கா? என் ஊட்டுக்காரனையும் ரெண்டு நாளு இங்க வுட்டுட்டுப் போவட்டா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தாள். அவளுக்கு ஏழு மாதப் பிள்ளை, வேம்புலி. கிளம்பும் நேரத்தில் அழுது காலைக் கட்டுகிறான் என்று சொல்லி மருந்து கேட்டாள். கேட்டாளே என்று ஒரு துண்டு அபினியைக் கிள்ளிக் கொடுத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை வேம்புலி தூங்கிக்கொண்டே வந்தான்.

"எழுந்ததுலேர்ந்து ஒரே கத்தல்க்கா. நீ குடுத்தத ரெண்டு சுத்து வெச்சேன். இன்னைக்கி உனக்குத் தொல்ல இல்ல" என்றாள்.

நல்லது என்றேன்.

அன்று வேலையைப் பார்வையிட வெள்ளைக்கார துரை வருவதாக மேஸ்திரி சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு சத்தம் கேட்கக் கூடாது. நான் வழக்கத்தைவிடக் கூடுதலாக உரைத்தேன். கைப்பழக்கத்தில் ஆறு பேருக்கும் சேர்த்து உரைத்துவிட்டேன். ஐந்து பேருக்குத் தடவிய பிறகு வேம்புலியின் பங்கு கல்லில் இருந்தது. அவன் உதட்டோரத்தில் பழுப்பாக ஒரு கோடு காய்ந்திருந்தது. அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் துரை நிற்கும் நேரத்தில் விழித்துக்கொண்டால் என்ன செய்வது? உரைத்ததை வீணாக்கவும் மனம் வரவில்லை. வாயைத் திறந்து தடவினேன். தூக்கத்திலேயே சப்புக்கொட்டினான்.

துரை வந்து போனார். ஒரு சத்தமும் எழவில்லை.

அங்கம்மா பால் கொடுக்க வந்தபோது அவன் உதடு கறுத்திருந்தது. மூச்சு இருந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே பத்து எண்ணலாம். பிறகு இருபது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வருவதற்குள் எண்ண ஒன்றும் இல்லாமல் போயிற்று. மற்ற ஐந்தும் மறுநாள் காலையில்தான் கண் திறந்தன.

அங்கம்மா என்னைத்தான் கேட்டாள். "நான் வெச்சதாலயாக்கா?"

இல்லை என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது, ஐயா. நிறைய நேரம் இருந்தது.

"கை கூடிப்போச்சு போல கீது" என்றேன்.

அவள் தன் விரலைப் பார்த்தாள். பால் கசிந்து நனைந்த சேலையோடு அப்படியே இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து வந்து, பிள்ளையைக் கொன்றுவிட்டேன் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறாள். நான் தடுக்கவில்லை. உள்ளே அந்த விரலைச் சுவரில் தேய்த்துக்கொண்டே இருக்கிறாளாம். அவளுக்குக் கஞ்சி கொண்டுவந்தவள் சொன்னாள். அதைக் கேட்டுத்தான் இன்று வந்தேன். நான்கு நாள் முன்பே வந்திருக்க வேண்டும். குழந்தைகளை யார் பார்ப்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் வைத்த இரண்டு சுற்றில் எந்தக் குழந்தையும் சாகாது. நான் அதைவிட அதிகம் வைத்திருக்கிறேன். அதன்மேல் நான் தடவியதுதான் அவனைக் கொண்டுபோயிற்று. தவறு என் கணக்கில். மருந்தைக் குறை சொல்வதற்கில்லை. அன்றிலிருந்து எல்லோருக்கும் பாதியாகக் குறைத்துவிட்டேன்.

அங்கம்மாவை வெளியே விடுங்கள். வேம்புலியைக் கொன்றது கன்னியம்மாள், நான்தான். எப்படி எழுத வேண்டுமோ அப்படி எழுதுங்கள், கைநாட்டு வைக்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லை. ஐந்து பேரையும் தூங்க வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். மத்தியானம் வரை எழுந்திருக்க மாட்டார்கள்.