மாணிக்கவாசகம் உள்ளேதான் இருக்கிறார்

ஜவஹர்: உக்காருக்கா, உக்காரு. ஆளில்லாத சேருதான். ஏசி நேரா மூஞ்சில அடிக்கும், பரவால்லியா?

ஸ்வர்ணலதா: அடிக்கட்டும் தம்பி. வெளிய வெயிலு மண்டையப் பொளக்குது.

ஜவஹர்: உன்ன எப்டிக்கா உள்ள உட்டானுங்க? வாசல்ல ரெண்டு தடிப்பசங்க நிக்கிறானுங்களே.

ஸ்வர்ணலதா: எங்க வூட்டுக்காரரு உள்ள இருக்காருன்னு சொன்னேன். உட்டுட்டாங்க.

ஜவஹர்: செம கில்லாடிக்கா நீ! நெசமாவே கீறாரா?

ஸ்வர்ணலதா: இருக்காருன்னுதான் வாசல்ல சொல்றாங்க. நீ எந்த ஊரு தம்பி?

ஜவஹர்: நானா... நாவலேரி.

ஸ்வர்ணலதா: அது எங்க இருக்குது?

ஜவஹர்: தாம்பரம் தாண்டி... உள்ள போவணும். ரொம்ப உள்ள. எங்க ஊரு நெலத்துக்குத்தான் இன்னிக்கு மீட்டிங்கே. வெவசாய நெலத்த வூடு கட்ற நெலமா மாத்தப் போறாங்க. அதோ மேடைல பொம்ம மாறி வெச்சிக்கிறாங்க பாரு, அத்தினி ஃபிளாட்டு. நடுவுல ஸ்விம்மிங் பூலு. ஊரு ஜனத்துக்குச் சரியா, வேணாமான்னு கேக்குறாங்க.

ஸ்வர்ணலதா: நாவலேரி ஜனத்தக் கேக்குறதுக்கு தி.நகர்ல கல்யாண மண்டபமா?

ஜவஹர்: அங்க... பார்க்கிங் இல்லியாம்.

ஸ்வர்ணலதா: ஓ... பார்க்கிங். சரி, வாசல்ல நெல்லுக் கதிரத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு கொஞ்ச பேரு கத்துறாங்களே, அவங்க யாரு?

ஜவஹர்: அவுங்க வெளியாளுங்க. காசு வாங்கிகினு கத்த வந்தவங்கன்னு மேஸ்திரி சொன்னாரு.

ஸ்வர்ணலதா: மேஸ்திரியா?

ஜவஹர்: ...தலைவரு. ஊர்த் தலைவரு.

ஸ்வர்ணலதா: ம். உம் பேரு?

ஜவஹர்: எம் பேரு... இரு... மாணிக்கவாசகம்.

ஸ்வர்ணலதா: சொந்தப் பேரச் சொல்ல எதுக்குப்பா டோக்கனப் பாக்குற?

ஜவஹர்: பெரிய பேரு இல்லியா... அதான்.

ஸ்வர்ணலதா: நல்ல பேரு. அந்த டோக்கன் இருந்தாத்தான் பேச முடியுமா?

ஜவஹர்: ஆமா. நெலத்துக்காரன் பேர்லதான் தருவாங்க. ஒரு நெலத்துக்கு ஒண்ணு. அது இல்லாதவன் மைக்கத் தொட முடியாது.

ஸ்வர்ணலதா: அதே நெலத்துக்கு இன்னொரு ஆளு வந்து கேட்டா?

ஜவஹர்: கெடயாதுக்கா. மொதல்ல வாங்கினவன் வாங்கினதுதான்.

ஸ்வர்ணலதா: அப்டியா... இன்னா பேசப் போற? பேசிக் காட்டேன், கேப்போம்.

ஜவஹர்: சிரிக்கக் கூடாது... "ஐயா வணக்கம். நாவலேரி மண்ணு செத்துப் போச்சு. தண்ணி இல்ல, பயிரு இல்ல. எங்க புள்ளைங்களுக்கு வேல வேணும். இந்தத் திட்டத்த மனசார வரவேற்கிறேன்." எப்டி?

ஸ்வர்ணலதா: தண்ணி இல்லியா? ஏரி?

ஜவஹர்: எங்க ஊர்ல ஏரில்லாம் இல்லக்கா.

ஸ்வர்ணலதா: நாவலேரில ஏரி இல்ல.

ஜவஹர்: ...இருந்திச்சு. தூந்து போச்சு.

ஸ்வர்ணலதா: கழனில இன்னா நிக்குது இப்போ?

ஜவஹர்: முள்ளுதான். வேற இன்னா...

ஸ்வர்ணலதா: முள்ளா! அடப்பாவி, கதிரு முத்தி தல சாஞ்சு நிக்குது, முள்ளுங்குற!

ஜவஹர்: ஐயோ, மெதுவாக்கா! திரும்பிப் பாக்குறாங்க. உனக்கு எப்டித் தெரியும்?

ஸ்வர்ணலதா: பஸ்ல போவச்சே பாத்தேன். மதகத் தொறந்தா கடக்கோடிக் கழனி வரைக்கும் தண்ணி ஓடுது. தண்ணி மொறைக்கு வரப்புல காத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. ஒருத்தருக்குப் பாஞ்சப்புறந்தான் அடுத்தவங்களுக்குத் திருப்பணும். முள்ளாம், முள்ளு!

ஜவஹர்: பஸ்ல போவச்சே இத்தினியும் பாத்தியா...

ஸ்வர்ணலதா: நெசத்தச் சொல்லு. நீ எந்த ஊரு?

ஜவஹர்: மொறைக்காதக்கா... கோட்டூர்புரம். ஆத்தோரம். பொறந்து வளந்தது எல்லாம் அங்கதான். இப்ப அதுவும் இல்ல.

ஸ்வர்ணலதா: இல்லன்னா?

ஜவஹர்: இட்சுட்டாங்க. சட்டி பானையோட லாரில ஏத்திகினு போயி, ஊருக்கு அந்தாண்ட ஒரு எட்டாவது மாடில கொட்டிட்டாங்க. எம் பொண்ணுக்கு மறுநா பரீட்ச. புக்கு தேடி, இட்ச கல்லுக்குள்ள கைய உட்டு நோண்டிகினு இருந்துச்சு. எழுதவே இல்ல.

ஸ்வர்ணலதா: உங்கள யாரும் கேக்கலியா, சரியா வேணாமான்னு?

ஜவஹர்: எவன் கேட்டான்? சொல்லு, எவன் கேட்டான்? ஒரே ஒரு மீட்டிங் போட்டிருந்தா, மைக்கப் புட்சு கிழி கிழின்னு கிழிச்சிருப்பேன்!

ஸ்வர்ணலதா: உனக்கு மீட்டிங் போடல. நாவலேரிக்காரங்களுக்குப் போட்டிருக்காங்க. அதுல வந்து நீ உக்காந்துக்கிட்ட.

ஜவஹர்: மெதுவாப் பேசுக்கா, வாசல்ல நிக்கிறவனுங்க பாக்குறானுங்க.

ஸ்வர்ணலதா: பாக்கட்டும். அவங்க வெயில்ல நிக்கிறாங்க. நீ ஏசில உக்காந்து அவங்க ஏரியத் தூத்துற. வயிறு எரியுது எனக்கு!

ஜவஹர்: நான் இன்னாக்கா பண்றது? பெயிண்டரு நானு. அங்கேர்ந்து பஸ்ஸப் புட்சு சிட்டிக்குள்ள வர்றதுக்குள்ள, வேற ஆள வெச்சிடுறாங்க. இது கட்டி முட்சா வாட்ச்மேன் வேல நிச்சயம்னு மேஸ்திரி சொன்னாரு. நான் பேசலன்னா இன்னொருத்தன் பேசுவான்...

ஸ்வர்ணலதா: அந்த மாணிக்கவாசகம் எங்க போனாருன்னு கேட்டியா?

ஜவஹர்: கேட்டேன்க்கா, கேக்காம இருப்பேனா? புள்ளையோட வெளிநாடு போய்ட்டாராம். திரும்பி வர மாட்டாராம். அவருக்கே இதுல சம்மதந்தானாம்.

ஸ்வர்ணலதா: வரமாட்டாருன்னு சொன்னாங்களா... அது ஒண்ணுதான் நெசம்.

மைக்: அடுத்து, நாவலேரி கிராமம், திரு. மாணிக்கவாசகம்!

ஜவஹர்: யக்கா... என்னத்தான் கூப்புடுறாங்க.

ஸ்வர்ணலதா: போ. மனசார வரவேத்துட்டு வா.

ஜவஹர்: நீ யாருக்கா? நாவலேரியா நீ?

ஸ்வர்ணலதா: விடிஞ்சும் விடியாம பஸ் ஏறினேன். வாசல்ல டோக்கன் கேட்டேன். "பட்டா உங்க வூட்டுக்காரர் பேர்ல இருக்குதும்மா, அவரு அப்பவே டோக்கன் வாங்கிக்கிட்டு உள்ள உக்காந்திருக்காரு"ன்னாங்க.

ஜவஹர்: உன் வூட்டுக்காரரா...

மைக்: மாணிக்கவாசகம்! வந்திருக்கிறாரா, இல்லையா? இல்லையென்றால் அடுத்த பெயருக்குப் போய்விடுவோம்.

ஸ்வர்ணலதா: போன ஆடில, மதகாண்ட நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்தாரு. எழுந்திருக்கவே இல்ல. எங்க கழனி மூலையிலதான் பொதச்சோம். அந்த எடத்துலதான் அவங்க பொம்மையில நீச்சக்கொளம் வெச்சிருக்காங்க. செத்த மனுசன் தி.நகர் வந்து ஏசில உக்காந்திருக்காருன்னா, பொண்டாட்டி வந்து பாக்காம இருப்பாளா? ஒவ்வொரு வரிசையாத் தேடிக்கிட்டுதான் உங்கிட்ட வந்து உக்காந்தேன்.

மைக்: கடைசியாகக் கேட்கிறேன். மாணிக்கவாசகம்!

ஜவஹர்: சார்! ஒரு நிமிஷம்... மாணிக்கவாசகம் வரல சார், நான் ஜவஹரு. உங்க ஆளுங்கதான் செத்தவரு பேர எங்கைல குட்து உக்கார வெச்சாங்க... அவரு வூட்டம்மா வந்துகினு கீறாங்க, மைக்கக் கொஞ்சம் கீழ எறக்கி வெய்ங்க.