பனி ஒதுக்கிய கற்கள்

உங்கள் ஸ்டேஷன் டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஐயா. பரவாயில்லை, சொல்கிறேன்.

என் பெயர் ஜெகதீசன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில், செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து வரைபடம் தயாரிக்கிறேன். பதினோரு வருஷமாக என் ஃபைலில் ஒரு தப்பு வந்ததில்லை. அந்தப் பெருமை எனக்கு உண்டு, மறைக்க மாட்டேன்.

வடகோடிக் கடலில் அந்தத் தீவு. நம்ம செம்பரம்பாக்கம் ஏரி அளவுதான் இருக்கும். எரிமலை கக்கிய கறுப்புப் பாறை, நடுவில் உருகாத பனி, தெற்கே சரளைக்கல் கரை. மரம் கிடையாது. ‘மனிதர் வசிக்காத தீவு’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

மறுவாரம் வந்த படத்தில் கரையோரம் உடைந்த படகு. பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி. இரண்டையும் அழித்தேன். படத்தில் தூசு இருந்தால் துடைப்பது என் வேலை.

அடுத்த வாரம் புள்ளி நகர்ந்திருந்தது. சரளையில் SOS என்று மூன்று எழுத்துகள். என்கூட வேலை பார்க்கும் கவிப்பிரியா அதைப் பார்த்துவிட்டாள்.

“சார், அங்க யாரோ கீறாங்க சார். கல்லை அடுக்கி எழுதி வச்சிக்கீறாங்க. மேல சொல்லிடலாம் சார்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. நேற்று வந்த பெண், என் கையெழுத்தைத் தப்பு என்கிறாள்.

“பனி உறைஞ்சு உருகும்போது கல்லை இப்படித்தாம்மா ஒதுக்கும். வட்டமா, கோடா நிக்கும்.”

“இன்னா சார், பனிக்கு இங்கிலீஷ்லாம் தெரியுமா?”

நியாயமான கேள்வி. பனி கல்லை ஒதுக்கும் என்பது உண்மை. எழுதாது என்பதும் எனக்குத் தெரியும். அவளை அன்றைக்கே வேறு வேலைக்கு மாற்றினேன்.

மூன்றாவது வாரம் எழுத்துகள் இரண்டு மடங்கு பெரிதாகியிருந்தன. அந்தக் குளிரில் ஒவ்வொரு கல்லாகத் தூக்கியிருக்க வேண்டும். எனக்கே பாவமாக இருந்தது. நானும் ஒவ்வொரு கல்லாகத்தான் அழித்தேன். நான்காவது வாரம் புள்ளி அசையவில்லை. ஐந்தாவது வாரம் எல்லாவற்றையும் பனி மூடிவிட்டது. அழிக்க எதுவும் இல்லை.

அழிக்காத படங்களைக் கவிப்பிரியா எடுத்து வைத்து உங்களிடம் கொடுப்பாள் என்று நான் நினைக்கவில்லை. ஆமாம் ஐயா, தெரிந்துதான் செய்தேன். ஒரு போன் போட்டிருந்தால் அந்த ஆளைக் காப்பாற்றியிருப்பார்கள்.

ஆனால் யாரையாவது அனுப்பி இப்போது பார்க்கச் சொல்லுங்கள். அந்தத் தீவில் யாரும் வசிக்கவில்லை. நான் எழுதியது சரிதான்.