ஹாரமின் வலது முழங்கால்

புதன்கிழமை ஆட்டங்களுக்குக் கூட்டம் வராது. லீக் ஆட்டங்கள் சனி, ஞாயிறு. கோப்பையின் குழுச் சுற்று ஆட்டங்களைப் புதன்கிழமைக்குத் தள்ளிவிடுவார்கள். டிவி வராது. நாங்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவது மேல்வரிசை வரை கேட்கும். கூ அண்ணன் ஏன் புதன்கிழமைகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. பிறகு என்று சொல்வது சரிதானா, தெரியவில்லை. கொஞ்சம் முன்னாலேயே புரிந்திருக்கலாம்.

கூ சங்-தோ பள்ளிக் கால்பந்து விடுதியில் எனக்கு இரண்டு வருடம் மூத்தவர். அவருடைய காலுறைகளை இரண்டு வருடம் நான் துவைத்திருக்கிறேன். ஆட்டத்தை விட்ட பிறகு பந்தயக்காரர்களுக்கு வேலை செய்தார். மே மாதம் என்னைக் கூப்பிட்டு, வரும் புதன்கிழமை இரண்டு கோல் வித்தியாசத்தில் தோற்க வேண்டும் என்றார். அவர் கொடுத்த உறையைப் பற்றித் தனியாக எழுதிக் கொடுத்துவிட்டேன், இன்ஸ்பெக்டர் ஐயா.

"தடுப்பாட்டக்காரன் நீ ஒருத்தன் வழுக்கி விழுந்தா போதுமாடா? கீப்பர் வேணும். அந்தப் பையன் உன் ஸ்கூல்தானே? நீ சொன்னா கேக்க மாட்டானா?" என்றார்.

அந்தப் பையன் மியோங் ஹாரம். இருபத்திரண்டு வயது, என்னைவிட ஐந்து வருடம் இளையவன். ஜூலையில் நடக்கவிருந்த தேசிய அணி முகாமுக்கு அவன் பெயர் வந்திருந்தது. அவனை மதியச் சாப்பாட்டுக்குப் பன்றி சூப் கடைக்கு அழைத்துப் போனேன். விஷயத்தை நான்கு வாக்கியங்களில் சொன்னேன். முந்தின நாளே நாட்குறிப்பில் எழுதிப் பார்த்துக்கொண்ட வாக்கியங்கள். சொல்லிவிட்டு ஒரு கிண்ணம் சோஜு சாராயம் ஊற்றினேன். இரண்டு கைகளாலும் வாங்கினான். மூத்தவர் முன்னால் குடிப்பவர்கள் செய்வதுபோல முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு குடித்தான். காலிக் கிண்ணத்தை மேசையில் வைத்தான்.

"சூப் ஆறுதுண்ணே, சாப்பிடுங்க" என்றான்.

சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். மூத்தவன் ஊற்றியதைக் குடிக்காமல் வைக்க எந்த இளையவனாலும் முடியாது என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. அந்த முகத்தில் என்ன இருந்தது என்றும் நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்றுதானே திருப்புகிறோம்.

புதன்கிழமை பேசியபடி இரண்டு முறை வழுக்கினேன். இரண்டு முறையும் ஹாரம் பாய்ந்து தடுத்தான். கடைசியில் கோலுக்கு முன்னால் ஒருவனைத் தள்ளிவிட்டு பெனால்டி கொடுத்தேன். அதையும் பிடித்துவிட்டான். ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது.

உடை மாற்றும் அறையில் எல்லோர் முன்னாலும், "என்னண்ணே, கால்ல எண்ணெய் தடவிட்டு வந்தீங்களா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெளியே, பஸ் நிறுத்தத்தில், குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"என்னால முடியாதுண்ணே. நீங்களே போய் கோச்கிட்ட சொல்லிடுங்க. மன்னிச்சிருவாரு. ஒரு வாரம் பாப்பேன். இல்லேன்னா நானே சொல்லிடுவேன்."

ஹாரம் சொன்னதைக் கூ அண்ணனிடம் சொன்னேன். "அடுத்த புதன் அவன் கோல்ல நிக்கக் கூடாது. நீயா பாத்துக்கிறியா, நான் ஆள் அனுப்பட்டுமா?" என்றார்.

அவர் அனுப்பும் ஆட்களுக்கு முழங்காலைப் பற்றி ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும். ஆட்டம் முடிந்தபின் ஒரு பிழைப்பு வேண்டுமே என்று ஒரு வருடமாக மாலை வகுப்பில் இயன்முறை மருத்துவம் படித்துவந்தேன். ஓரத்து ஜவ்வு மட்டும் கிழிந்தால் ஆறு வாரம். முகாம் தவறிப்போகலாம், ஆனால் முகாம் வருடாவருடம் வரும். திங்கட்கிழமைப் பயிற்சியில், கார்னர் பந்துக்கு ஹாரம் எம்பி இறங்கும்போது, நான் கொஞ்சம் தாமதமாகக் குறுக்கே போனேன். அவனுடைய முழு எடையும் அந்த ஒரு காலில் இருக்கும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. மூட்டுக்குள் இருக்கும் ஜவ்வும் போய்விட்டது. அது என் தவறு. ஒப்புக்கொள்கிறேன்.

புதன்கிழமை வேறு கீப்பர் நின்றான். மூன்று கோலில் தோற்றோம்.

அறுவை முடிந்து ஆஸ்பத்திரியில் ஹாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆட்டத்துல நடக்குறதுதாண்ணே, அழாதீங்க" என்றான். நான் அழுதேனா என்று இப்போதும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நாட்குறிப்பில் அன்றைய பக்கம் காலியாக இருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து, "நடக்க ஆரம்பிச்சதும் முதல்ல கோச் வீட்டுக்குத்தான். நீங்களும் வரணும். ரெண்டு பேரும் சேந்து மண்டி போடுவோம்" என்றான்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். தன் மூத்தவனைப் பற்றிப் போனில் சொல்கிறவன் இல்லை ஹாரம். நேரில் போய், குனிந்து, மண்டியிட்டுத்தான் சொல்வான். அதற்கு முழங்கால் வேண்டும்.

கிளப்பின் இயன்முறை மருத்துவருக்கு வேலை அதிகம். வீட்டுப் பயிற்சியை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். செவ்வாய், வியாழன், நான்கு மணி. முதல் மாதம் தொண்ணூறு பாகைக்கு மேல் மடக்கக் கூடாது என்று டாக்டர் எழுதியிருந்தார். நான் நூற்றுப் பத்து வரை மடக்கினேன். பிறகு நூற்று இருபது.

"வலிக்குதுண்ணே."

"வலிச்சாத்தான்டா சரியாகும். பல்லைக் கடிச்சுக்கோ."

கடித்துக்கொள்வான். முடிந்ததும் அவன் அம்மா எனக்குப் பேரிக்காய் நறுக்கிக் கொண்டுவருவார்.

தைத்த ஜவ்வு ஆகஸ்டில் தளர்ந்தது. மறுபடி அறுவை. மறுபடி செவ்வாய், வியாழன். நவம்பரில் மூன்றாவது. ஏன் பிடிக்கவில்லை என்று டாக்டருக்குப் புரியவில்லை. நல்லவர், ஆனால் வீட்டில் என்ன நடக்கிறது என்று அவர் கேட்டதில்லை. இனி ஆட முடியாது என்று போன வாரம் சொல்லிவிட்டார். ஹாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறை வரை போகிறான், வருகிறான். நாட்குறிப்பு உங்களிடம்தான் இருக்கிறது. அந்தப் பக்கங்களில் வெறும் எண்கள் இருக்குமே, அவை பாகைகள். மூன்று முறையும் கெடுத்தது நான்தான். தெரிந்தேதான் செய்தேன்.

மணி மூன்றரை ஆகிவிட்டதா, ஐயா? இன்று வியாழன். காலை நீட்டிக்கொண்டு காத்திருப்பான். வேறு யாரையாவது அனுப்புவதாக இருந்தால், பார்த்து அனுப்புங்கள். தெரியாத கை பட்டால் அவன் பயப்படுவான். என் அளவுக்கு அவன்மேல் அக்கறை உள்ளவர்கள் கிடைப்பது சிரமம்.